பனி ஏரிக்கு ஒரு தூண்டில்

மலேசியாவின் கூலாய் ஊரில் ஒரு தூண்டில் கடை. கல்லாவில் சீன முதலாளி. எட்டடித் தூண்டிலோடு ஒருவர். அவருடைய கூட்டாளி. பின்னால் நான், முள் வாங்க.

“கனடாவுல ஏரியே கல்லு மாதிரி உறைஞ்சிருமாம். ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்க,” என்றார் தூண்டில்காரர்.

“ஓட்டை எங்க இருக்கும், மணியம்?”

“கால்கிட்டதான்.”

“அப்புறம் எதுக்கு எட்டடி? மீன் மாட்டுனா எட்டடி பின்னால ஓடுவியா?”

மணியம் தூண்டிலைப் பார்த்தார்.

“மருமகன் அங்க கூப்பிட்டிருக்கான்லா. கல்யாணமாகி மூணு வருஷம். ‘ஹலோ அங்கிள்’னுட்டு போனை மகள்கிட்ட குடுத்துருவான். மீனுன்னதும் அரை மணி நேரம் பேசுனான். அவன் முன்னால கோமாளியா நிக்கக்கூடாது.”

“என்ன மீனாம்?”

“உள்ளங்கை அகலத்துல ஒண்ணு, லேசாத்தான் கடிக்குமாம். ‘வால்ஐ’ன்னு இன்னொண்ணு, முழங்கை நீளம்.”

“அப்ப நுனி வளையணும், அடி கெட்டியா இருக்கணும். ரீல் சின்னதே போதும்.”

கூட்டாளி மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார்.

“அலமாக்! இது சின்னப் பிள்ளைங்க தூண்டில். ரோஸ் கலரு வேற.”

“பனியில விழுந்தா சட்டுனு தெரியும்.”

முதலாளி சிரித்தார். மணியம் நுனியை வளைத்துப் பார்த்தார். படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினார். உடனே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அங்கிள், இதேதான் வேணும்! எவ்வளவு நீளம்?”

மணியம் தூண்டிலைக் கல்லாவில் கிடத்திக் கையால் அளந்தார்.

“மூணு சாண்.”