மீசையில் மின்னிய கிருமி

தகைசால் தலைவர் அவர்களே, அறிவால் மூத்த ஆன்றோர்களே, அலுவலைத் தள்ளிவைத்து வந்திருக்கும் அன்னையர்களே, கடைசி வரிசையில் கதவையே பார்த்திருக்கும் கண்ணியவான்களே, வணக்கம்!

மக்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று அழுகிறோமே, புரியும்படி என்றைக்குப் பேசினோம்? நானறிந்த அறிவியல் மையம் ஒன்றில் சுவரெல்லாம் பலகை, பலகையெல்லாம் பத்தி. மின்விசிறிக் காற்றுக்காக மட்டுமே மக்கள் வந்தார்கள்.

அங்கே ஓர் ஆய்வாளர் அம்மையார் எஸ்கேப் ரூம் அமைத்தார். உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். புதிரை அவிழ்த்தால்தான் வெளியே வரலாம். கிருமிக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத பொடியை ஒரே ஒரு பொருளில் தடவியிருந்தார். ஊதா விளக்கில் அது மின்னும். தொட்ட கையால் பரவும் தடத்தைப் பின்தொடர்ந்து அந்தப் பொருளைக் கண்டால், அதன் அடியில் பூட்டுக்கான எண்.

மையத்தின் இயக்குநர் சீறினார். "அறிவியல் என்ன விளையாட்டா? இழுத்து மூடுங்க."

"ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க சார். பிடிக்கலன்னா நானே மூடிடறேன்."

மனைவியோடு போனார். போனவர் சும்மா இருந்தாரா? சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவு! "சுத்தமா இருக்கறவங்களைக் கிருமி அண்டாது" என்று முடித்தபோது, மனைவி ஊதா விளக்கைப் போட்டார். மூக்கு மின்னியது, மூக்குக்கண்ணாடி மின்னியது, மீசையும் மின்னியது.

"விளக்கு சரியில்ல" என்று அதைத் துடைத்தார். விளக்கும் மின்னியது.

"விளக்கை விடுங்க, கையைக் காட்டுங்க. வந்ததும் முதல்ல எதைத் தொட்டீங்க?"

"நான் எதையும் தொடல."

"அப்போ இங்கயே இருப்போம்" என்று மனைவி அமர்ந்துவிட்டார்.

பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு இயக்குநர், "எனக்குத் தெரியலம்மா" என்றார். "சரி, சேர்ந்து தேடலாம் வாங்க" என்று மனைவி எழுந்தார். மேசை, நாற்காலி, திரை என்று தடம் ஓடி, ஒரு பொருளில் முடிந்தது. எது தெரியுமா? ஒலிவாங்கி! மைக்கைக் கண்டதும் பிடித்திருக்கிறார் மனிதர். சிரிக்காதீர்கள், நானும் அதைப் பிடித்துத்தான் நிற்கிறேன்.

அறை பிழைத்தது. மறுநாளே இயக்குநர், புதிரை அவிழ்ப்பது எப்படி என்று அதற்குள் ஒரு பலகை வைக்கச் சொன்னது வேறு கதை. "வைக்க மாட்டேன் சார்" என்றார் ஆய்வாளர். வைக்கவும் இல்லை.

அவையோரே! அச்சடித்த ஆயிரம் பத்திகள் வரவழைக்காத ஒற்றைச் சொல்லை, பூட்டிய கதவு வரவழைத்தது. தெரியவில்லை என்று சொல்லத் தெரியாதவன் அறிவாளியா? தேடத் துணியாதவன் அறிஞனா? "தெரியவில்லை" என்று சொல்லுங்கள், தேடுங்கள், தொட்டுப் பாருங்கள், தோற்றுப் பாருங்கள்! அறிவியல் அங்கேதான் ஆரம்பம்!

பூட்டாத அரங்கிலும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி பாராட்டி அமர்கிறேன். வணக்கம்.