பன்னிரண்டு வண்டிப் பருத்தி

காலை நாலரை மணிக்கு எழுந்து பழகியவனுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சம். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. தலையாட்டுவார்கள், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் எழுவார்கள். நான் 1929லிருந்து, ஒன்பது வருடமாக, ஒரு நாள் தவறியதில்லை. இன்றும் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, மூன்று மைல் நடந்துதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் மருதாசலம். நாமகிரிப்பேட்டைச் சாலையில் இருக்கும் பருத்தி அரவை மில்லுக்கு மேனேஜர். பருத்தியை மிஷினில் விட்டுக் கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குவது எங்கள் வேலை. காலை ஷிப்டு என் பொறுப்பு. பிற்பகல் ஷிப்டு மேஸ்திரி நாச்சிமுத்துவின் பொறுப்பு. அவன் என் மனைவி சௌந்திரத்தின் தம்பி. காட்டு வேலையில் கிடந்தவனை மில்லுக்குக் கூட்டி வந்ததே நான்தான்.

மற்றவர்களை வேலை வாங்க நினைப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். மதராஸிலிருந்து தபாலில் வரவழைத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றிலிருந்து இந்த வழியைப் பிடித்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அது போகும்வரை விடமாட்டேன். முதலில் கோபத்தை விட்டேன். குரலை உயர்த்தாமல் பேசத் தொடங்கியதும் மில்லில் வேலை செய்யும் பெண்கள் எனக்கு முன்னைவிட அதிகமாகப் பயந்தார்கள். அடுத்து வீண் பேச்சை விட்டேன். போன தை மாதத்தில் பொறாமையை ஒழித்தேன். மாசியில் இளகிய மனத்தை எடுத்துக்கொண்டேன்.

அத்தாயி என்ற பெண் கைக்குழந்தையை மில் வாசல் வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். காலையில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போவாள். தடவைக்குக் கால் மணி. நான் நிறுத்தினேன். "பச்சப் புள்ளைங்க சாமி, ஒரு தடவையாச்சும் உடுங்க" என்று காலில் விழுந்தாள். எனக்குள் ஏதோ இளகுவது தெரிந்தது. அதைத்தானே களைய வேண்டும்? விடவில்லை. இருபது நாளில் குழந்தை இறந்துபோயிற்று. பேதி என்று சொன்னார்கள். நான்காம் நாள் அத்தாயி நேரம் தவறாமல் வேலைக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நாச்சிமுத்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தைக்காரிகள் எல்லாரையும் தன் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். கூப்பிட்டு விசாரித்தேன்.

"பால் கட்டுன வலியோட நின்னா கை ஓடுமுங்களா மச்சான்? கால் மணி உட்டா, அரை மணி வேலையச் சேத்துச் செஞ்சு குடுக்கறாங்க" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். பொய் சொல்ல மாட்டான். அவன் ஷிப்டில்தான் பஞ்சு அதிகம் இறங்கியது. ஏழு மணிக்கு எழுகிறவன், ஒரு புத்தகம் படிக்காதவன், பெண்களோடு சேர்ந்து சிரிக்கிறவன்.

பங்குனி பிறந்ததும் முதலாளி சேலத்திலிருந்து வந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் இரண்டாவது மில் திறக்கப் போவதாகவும், அதை நாச்சிமுத்துவிடம் விடப் போவதாகவும் சொன்னார். பிறகு, அத்தனை பெண்களும் கேட்க, "மருதாசலம், நீயும் இவங்கிட்டக் கொஞ்சம் கத்துக்கோ" என்றார்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. பொறாமையை நான் தை மாதத்திலேயே முடித்துவிட்டேன். நான் பார்த்தது ஒழுங்கை மட்டும். ஒரு மில்லில் இரண்டு விதமான நிர்வாகம் இருக்க முடியாது. அவன் அயோத்தியாப்பட்டணம் போனால் அந்தத் தளர்ச்சி அங்கேயும் பரவும். கெட்டதை வளர விடாமல் கிள்ளுவது மேலே இருப்பவனின் கடமை.

அந்த வார வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. பன்னிரண்டு பருத்தி வண்டிகள் வரிசையில் நின்றன. எங்கள் பருத்தி அறைக்குக் கீழே ஒரு கதவு, மேலே ஒரு ஜன்னல். மேலிருந்து பருத்தியைக் கொட்டுவார்கள். கொட்டும் முன் ஒருவன் உள்ளே இறங்கி, பழைய பருத்தியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். கீழே நிற்பவர் 'ஆளில்லை' என்று குரல் கொடுத்த பிறகே கொட்டலாம். வழக்கமாக இறங்கும் சின்னானுக்கு அன்று காய்ச்சல். அவனுக்கு லீவு கொடுத்துவிட்டு, நாச்சிமுத்து தானே இறங்கியிருந்தான்.

நான் கீழ்க்கதவருகே போனேன். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, அவன் தூர மூலையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மேலே ஜன்னலருகே கொட்ட நின்றவனைப் பார்த்து, "ஆளில்லை வேலுசாமி, கொட்டு" என்றேன்.

வேலுசாமி நல்ல வேலைக்காரன். நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு வண்டியும் காலி. அதற்கு முன் எங்கள் மில்லில் யாரும் அவ்வளவு வேகமாகக் கொட்டியதில்லை.

அன்று மாலை சௌந்திரம் தம்பியைக் காணோம் என்றாள். சேலத்துக்கு முதலாளியைப் பார்க்கப் போயிருப்பான் என்றேன். மறுநாள் அவளுக்காக நாமக்கல் வரைக்கும் போய்த் தேடினேன்.

மூன்றாம் நாள்தான் அந்த அறையைத் திறந்தார்கள்; பருத்தி அள்ளப் போன அத்தாயியின் கையில் தலைமயிர் தட்டுப்பட்டது. அவள் கூச்சல் போடவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயிலும் மூக்கிலும் அடைந்திருந்த பருத்தியை ஒவ்வொரு இழையாக எடுத்தாள். "எம் புள்ளையாட்டமே கெடக்கறீங்களே சாமி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். அன்று ஒன்றரை மணி நேரம் மிஷின்கள் நின்றன.

நீங்கள் வேலுசாமியைப் பிடித்து வந்தீர்கள். 'மேனேஜர்தானுங்க ஆளில்லைன்னாரு' என்று அவன் சொன்னான். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அவன் முதுகை இப்போது பார்த்தேன். அவனை விட்டுவிடுங்கள். சொன்ன வேலையைச் செய்ததற்காக ஒருவனை அடித்தால் நாளைக்கு யார் வேலை செய்வார்கள்?

மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தூங்குகிறேன். சித்திரைக்கு நான் எடுத்துக்கொண்ட குறை பொய். அதனால்தான் வந்தேன். ஆகவே மிச்சத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வண்டி கொட்டும்போது நாச்சிமுத்து எப்படியோ நீந்திக் கதவருகே வந்துவிட்டான். பலகையைத் தட்டினான். "மச்சான், கதவு அடைச்சிருக்குதுங்க. இருக்கறீங்களா மச்சான்?" என்றான். மிஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் பயந்துபோய்க் கத்தினால் ஜன்னல் வழியே வேலுசாமிக்குக் கேட்டுவிடும். நான் பலகையில் வாயை வைத்து, நிதானமாக, "நான் இங்கதான் நிக்கறேன் மாப்ளே. தாழ் மாட்டிக்கிச்சு, ஆளு வருது. கத்தாதே, மூச்சப் புடிச்சிட்டு அப்படியே நில்லு" என்றேன்.

"செரிங்க மச்சான்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் தட்டவில்லை, கத்தவில்லை. நான் சொன்னபடியே நின்றான். கைக்குக் கீழே இருப்பவன் அப்படி நம்பி நிற்க வேண்டும் என்றுதான், ஐயா, ஒன்பது வருடம் என்னை நான் திருத்திக்கொண்டேன்.