கப்பல் இன்னும் வரவில்லை

கடைசியாக யென் என்கிற அண்ணன் என்னைத் திட்டியது, சீதாப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்ததற்காக.

"சீதாப்பழம் விளையுற தைதுங்குல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா, லாய்? காயைக் குளிர்ல வச்சா கறுத்துக் கல்லாப் போகும். உன் பெண்டாட்டி இருந்தா உன் கையை ஒடிச்சிருப்பா."

இருவரும் சிரித்தோம். தன் வண்டி பழுதில் இருந்ததால், எங்கள் கடை இரவல் கொடுத்திருந்த மாற்று வண்டியில் ஏறி அவர் தன் மலைத் தோட்டத்துக்குப் போனார்.

நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்பதால் ஒழுங்காகச் சொல்கிறேன், ஐயா. மோட்டார் சைக்கிள் கடையில் பழுதுபார்க்க வரும் வண்டிகளைப் பொறுப்பெடுத்துக்கொள்வது என் வேலை. யென் என் கூடப்பிறந்தவர் இல்லை, வாடிக்கையாளர்; மூத்தவர் என்பதால் அண்ணன் என்பேன். அவருடைய பழைய ஜப்பான் வண்டிக்குக் கிளட்ச் தட்டு தேவைப்பட்டது. கப்பலில் வர வேண்டும் என்றேன். அது பொய்யல்ல. காத்திருப்பவருக்குத் தேநீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். சனிக்கிழமைதோறும் வந்து விசாரித்தார். என் மனைவி போன பிறகு, என் எதிரே உட்கார்ந்து இரண்டாவது கோப்பை கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

தட்டு வந்து சேர்ந்தது. அவரிடம் சொல்லாமல், எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

"என்ன லாய், உன் கப்பல் ஜப்பான்லேருந்து வருதா, நிலாவுலேருந்து வருதா?"

"கடல் கொந்தளிப்பா இருக்காம் அண்ணே."

"அறுவடை தலைக்கு மேல நிக்குது. நீ இரவல் கொடுத்த இந்தக் கிழட்டுக் குதிரையில எத்தனை கூடை கட்டுறது? சரி, ஊத்து."

அவருக்கு அவசரம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

மாற்று வண்டியின் பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது. ஒரு புதன்கிழமை அதைச் சொல்வதற்காகவே வந்தார். மெக்கானிக்கிடம் விடாமல் நானே இறுக்கிக் கொடுத்தேன். பாதி மட்டும். முழுதாக இறுக்கியிருந்தால் வாரத்தின் நடுவில் அவர் வரக் காரணம் இருக்காது. அதன் பிறகு புதன்கிழமைகளும் எனக்குக் கிடைத்தன. கெட்ட எண்ணம் உள்ளவன் பிரேக்கைத் தளர்த்துவான். நான் ஒருநாளும் தளர்த்தியதில்லை.

சீதாப்பழத்துக்காகத் திட்டிவிட்டுப் போன அன்று மலையில் மழை. கூடைகளோடு இறங்கும்போது வளைவில் வண்டி நிற்கவில்லை.

இறுதிச் சடங்கில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு நின்றேன். அவர் மகள் பெய்-ச்சென் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை விட்டா அப்பாவுக்கு யாரு இருந்தா, சித்தப்பா?" என்றாள். உண்மைதான். அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்பதும் உண்மைதான், எழுதிக்கொள்ளுங்கள். அவரை என்னைவிட அதிகம் இழந்தவர் யாருமில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

போன வாரம் அவள் கடைக்கு வந்தாள். நான் தேநீர் ஊற்றினேன்.

"அப்பா வண்டியை இனி நான்தான் ஓட்டப்போறேன் சித்தப்பா. எப்போ ரெடியாகும்?"

கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவளிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தட்டு வந்துவிட்டது என்பதை மட்டும் கொஞ்ச நாளைக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.