கைக்குக் கனமான பைப்பு

ஆமா சார், கால்சியம் பவுடருதான். சுண்ணாம்புக் கல்ல நைஸா அரைச்சது. மூட்டைய ஏன் அப்படி மொறைச்சுப் பாக்குறீக? ஒளிச்சா வச்சிருக்கோம்? வாசல்லயேதான அடுக்கியிருக்கு. புகார் வந்துச்சுன்னா வரட்டும், ஆபீசரு நீங்க சோதிச்சுப் பாருங்க. கொஞ்சம் இங்கன தள்ளி நில்லுங்க, அங்கன மெஷின் சூடு அடிக்கும்.

நானா? நாகஜோதி. ஓனரு தங்கப்பாண்டி சம்சாரம். அவுக ஆர்டர் பிடிக்கக் கம்பம் பக்கம் போயிருக்காக, சாயங்காலம்தான் வருவாக. என்கிட்டயே கேளுங்க. இந்தப் பைப்புக் கம்பெனியில கலவை போடுறது, மெஷின் ஓட்டுறது எல்லாம் நான்தான். கல்யாணம் முடிஞ்சு வந்த புதுசுல, பொம்பள மிக்ஸர் பக்கம் போகக் கூடாதுன்னாக எங்க மாமியா. நான் மறுநாளே போயி நின்னேன்.

இப்ப என்னடான்னா ஆண்டிபட்டியில இருந்து கம்பம் வரைக்கும் கடைக்குக் கடை பேசுறாக, பவுடர் சேத்தாலே கலப்படமாம். பால்ல தண்ணி ஊத்துற கணக்காம். எவன் சொன்னது? வெறும் பிளாஸ்டிக்க மட்டும் வச்சுப் பைப்பு இழுத்தா நம்ம ஊரு வெயிலுக்குத் தொய்யும் சார். அளவாப் பவுடர் சேத்தாத்தான் வெறைப்பா நிக்கும். மாவு நைஸா இருக்கணும், மேல மெழுகு கணக்கா ஒரு பூச்சு இருக்கணும், அப்பத்தான் பிளாஸ்டிக்கோட ஒட்டும். உங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்ச ஆளு வந்திருக்கீகளேன்னுதான் இம்புட்டுப் பேசுறேன்.

வாழை நாரு கூடப் போட்டுப் பாத்தேன். சிரிக்காதீக. சின்னமனூர் பக்கம் தாரு வெட்டுனதும் மட்டைய வரப்புல தூக்கிப் போட்டுர்றாக. அள்ளிட்டு வந்து நாரு உரிச்சேன். மொதத் தடவ ஈரத்தோட போட்டுத் தொலைச்சுட்டேன். பைப்பு பூராக் கொப்புளம், அம்மை போட்ட புள்ள மாதிரி. அப்புறம் நல்லாக் காய வச்சு, பொடுசா நறுக்கிப் போட்டேன். தண்ணி பிரஷருக்கு அது ஆகாது, நானே சொல்லிர்றேன். ஆனா கம்பா இழுத்தேன் பாருங்க, உத்தமபாளையத்துல ரசூல் பாய் தோட்டத்துல திராட்சப் பந்தலத் தாங்கிட்டு நிக்குது. போயி ஆட்டிப் பாருங்க.

அப்புறம் ஏன் பைப்பு ஒடையுதுன்னா கேக்குறீக? நம்ம சனம் பைப்பு வாங்குறதப் பாத்திருக்கீகளா? ரெண்டு கையாலயும் தூக்கிப் பாப்பாக. அடுத்த கடையில போயி அதையும் தூக்கிப் பாப்பாக. எது கனமோ அதான் நல்ல பைப்பு. காய்கறி மூட்டையும் வாழைத்தாரும் தூக்கிப் பழகுன கை, வேற எதையும் நம்ப மாட்டேங்குது. கல்லு பிளாஸ்டிக்க விடக் கனம் சார். பவுடர அள்ளிக் கொட்டுனா பைப்பு தன்னால கனத்துரும். வாங்குறவுகளும் சந்தோசமாத் தோள்ல வச்சுட்டுப் போவாக. போற வழியில கல்லுல நழுவ விட்டா ஓடு மாதிரி ஒடையும். தப்பிச்சு மண்ணுக்குள்ள போயிருச்சுன்னா, மோட்டாரப் போட்ட வேகத்துல வெடிக்கும்.

கதை அளக்கல சார். இந்தா, இது நான் ஓட்டுன துண்டு. அந்த இடுக்கியில வச்சு நெரிங்க. இன்னும் நல்லா. பாத்தீகளா, தட்டையாப் போச்சு, ஒரு கீறல் விழுந்துச்சா? இதுலயும் அந்த மூட்டைப் பவுடர்தான் இருக்கு.

வருசநாட்டு ஆர்டரா? ஆமா, எங்களுதுதான். மலை மேல ஒரு ஊருக்குக் குடிதண்ணி லைனு. இன்னும் ஓடையில இறங்கிக் கொடத்துல செமந்துட்டு இருக்காக அந்தப் பொம்பளைக. காண்ட்ராக்டர் ஆளு ஒருத்தன் வந்து என் பைப்பத் தூக்கிப் பாத்துட்டு, லேசா இருக்கேன்னு ஒதட்டப் பிதுக்குனான். அன்னைக்கே எங்க வீட்டுக்காரக என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக. ஒனக்கு ஒடம்பு சரியில்ல, நாலு நா ரெஸ்ட் எடுன்னாக. எனக்கென்ன கேடு? தலைவலி கூட இல்ல. சண்ட போட்டேன். ஊரே கனம் கேக்குது, நீ ஒருத்தி ஒசத்தியா இழுத்து யாருக்குக் காட்டப் போறேன்னாக. அந்த நாலு நாளும் மிக்ஸர்ல பவுடர அள்ளிக் கொட்டுனது அவுக.

வயிறு எரியுது சார். மலையில வெடிச்சா ஊரு என்ன பேசும்? பவுடர் போட்ட பைப்புல்ல, அப்படித்தான் இருக்கும்னு பேசும். நான் ராப்பகலாப் போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்ச கலவையும் அதோட போச்சு. அந்தப் பொம்பளைக மறுபடியும் கொடத்தத் தூக்கிட்டு ஓடையில இறங்கணும். விட்டுருவேனா?

நில்லுங்க நில்லுங்க. இந்த முன்னாடி அடுக்குல சாம்பிள் எடுக்காதீக, இது பாஸாகிரும். இதெல்லாம் நான் ஓட்டுனது. உங்கள மாதிரி ஆபீசர் வந்தாக் காட்டணும்னே இங்கன வச்சிருக்காக. பின்னாடி செட்டுக்கு வாங்க. தார்ப்பாய் போட்டு மூடியிருக்குல்ல, அதான் வருசநாட்டுக்குப் போறது, நாளைக்கு லாரி ஏறுது. எதுல வேணுமோ சொல்லுங்க, நானே அறுத்துத் தாரேன்.

எவன் போன் பண்ணிக் காட்டிக் குடுத்தான்னு எங்க வீட்டுக்காரக கட்டாயம் கேப்பாக. மறைக்க வேணாம் சார், நாகஜோதின்னே சொல்லுங்க. பயந்துக்கிட்டா பேரச் சொல்லாம விட்டேன்? உங்க ஆபீசுல போன எடுத்தவுக கேக்கவே இல்ல. கேட்டிருந்தா, தங்கப்பாண்டி பொண்டாட்டிதான் பேசுறேன்னு அப்பயே சொல்லிருப்பேன்.