பக்கத்து சீட்டுக்காரன்

எனக்குக் கார் ஓட்டுவது அவ்வளவாக வராது, மேடம். பக்கத்து சீட்டில் உட்காருவது நன்றாக வரும். அதை யாரும் ஒரு திறமையாக எண்ணுவதில்லை. வளைவு வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பதறாமல் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது தன்னுடைய யோசனை என்றே தோன்ற வேண்டும். என் மனைவி சுஷ்மிதாவுக்கு நான் அப்படித்தான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன்.

அவள் கோயம்புத்தூர்ப் பெண். அங்கே பள்ளிக்கூட வயதிலேயே சின்னப் பந்தய வண்டிகளை ஓட்டிப் பழகியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாவலூரில் குடியிருந்தோம். அவளுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, எனக்குக் கல்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற வேலை. அவள் தன் சம்பளத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். சிவப்பு, இரண்டே சீட், மேலே கூரையைத் திறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிப் போய்வருவோம். அவள் கியர் மாற்றும்போது என் கை அவள் கைமேல் இருக்கும். சில சமயம் "கைய எடுங்க ராகவ், கூச்சமா இருக்குது" என்பாள். நான் எடுக்கமாட்டேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு.

அந்த மீன்காரப் பெண்மணியின் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. சதுரங்கப்பட்டினத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை முந்த வேண்டாம் என்றேன். சாலை காலியாக இருந்தது, சுஷ்மிதா முந்தினாள். நான் சொல்லியும் கேட்கவில்லை என்பதால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் சுழன்றுகொண்டே போய், ஓரமாக மீன் கூடையோடு நடந்துகொண்டிருந்த வேண்டா என்ற பெண்ணின் மேல் பக்கவாட்டில் மோதியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. கூடையிலிருந்த சங்கரா மீன்கள் ரத்தத்தில் கிடந்தன. சுஷ்மிதா தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

போலீஸில் கேட்டபோது, என் மனைவி வேகமாக ஓட்டினாள் என்று சொன்னேன். அது உண்மைதானே. அவள் மறுத்துப் பேசவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளைப் பார்க்க வாரா வாரம் போனாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். சுஷ்மிதா கட்டிலோரம் நின்று அழுதபோது அந்த அம்மாள் சொன்னார்: "நீ இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற. அந்தாளு புடிச்சி இழுத்தத நான் பாத்துகினுதான் இருந்தேன்." வலி மருந்தின் மயக்கத்தில் ஏதேதோ பேசுவார்கள். சுஷ்மிதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில், இனிமேல் ரோட்டில் வேகமாக ஓட்டப்போவதில்லை என்றாள். ஓட்டினால் டிராக்கில்தான். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏரிக்குப் பின்னால் ஒரு தனியார் பந்தயத் தடம் இருக்கிறதல்லவா, அங்கே. எனக்கும் அது நல்ல முடிவாகத்தான் பட்டது. நானும் ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொண்டேன்.

ஜெபக்குமார் அறிமுகமானது அங்கேதான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். மரியாதை தெரிந்த பையன், மனைவி, குழந்தை எல்லாம் உண்டு. அவனுக்கும் அவளுக்கும் எதுவோ இருந்தது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவு அற்பமான காரணத்துக்காக இதைச் செய்கிற ஆள் இல்லை நான்.

சிவப்புக் காரின் பிரேக் சூடேறி நாற்றமடிக்கும், டயர் பிய்ந்து போகும். ஒருநாள் ஜெபக்குமார் சொன்னான்: "அக்கா, ரோட்டு வண்டிய வச்சிகினு டிராக்ல ஓட்டுனா ரெண்டுக்கும் ஆவாது. கதவு வெயிட்டு, ஏசி வெயிட்டு, பாட்டுப்பொட்டி வெயிட்டு. எல்லாம் பேஜாரு. இத வித்துட்டு தனியா ஒண்ணு கட்டிடலாங்க்கா. டிராக்குக்குன்னே."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சிவப்புக் காரை விற்றாள். ஒரு பழைய காரின் கூட்டை வாங்கி ஷெட்டில் நிறுத்தினார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். தரைவிரிப்பு, ஹாரன், கண்ணாடி, கதவின் உள்பக்கத் தகடு. கவிழ்ந்தாலும் நசுங்காதபடி இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டினார்கள். அந்தக் குழாய்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆறு முனை பெல்ட், ஜன்னலுக்கு வலை, தீ பிடித்தால் ஓட்டுகிறவர் ஒரு பொத்தானைத் தட்டி உள்ளேயே அணைத்துக்கொள்கிற சாதனம், எல்லாம் என் தேர்வு. அவளுடைய பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை. இதை ஜெபக்குமாரே சொல்லியிருப்பான்.

கடைசியாகப் பக்கத்து சீட். அதை அவளே ஸ்பேனர் எடுத்துக் கழற்றினாள். தூக்கி ஷெட் தரையில் வைத்துவிட்டு, "இனி நீங்க பயந்துகிட்டு உக்கார வேண்டியதில்லீங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. என்னை விடுவித்ததாகவே நினைத்தாள். அவர்கள் இருவரும் வெல்டிங் வேலையில் இருந்தபோது, நான் தரையில் கிடந்த அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் காரில் முதல் தடவை ஓட்டியபோதே ஒரு சுற்றுக்கு அவள் எடுக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியதும், வியர்வை வழிய, "உங்க வெயிட்டு போனதுதானுங்க காரணம்" என்று சிரித்தாள். ஜெபக்குமாரும் சிரித்தான். நானும்தான். அன்று வீட்டில் அவளுடைய சுண்டுவிரல் சமையலறைக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. கதவைச் சாத்தியது நான். திறக்கக் கொஞ்சம் தாமதித்தேன். அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அடுத்த வாரம் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். இன்னும் வேகமாக ஓட்டினாள்.

நான் விட்டுக்கொடுத்துத்தான் போனேன். சீட் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்கலாம், தடத்துச் சுவரோரம் நின்று சொல்கிறேன் என்றேன். வைத்தார்கள். இரண்டாவது சுற்றில் அவளே ஒயரைப் பிடுங்கிவிட்டாள். நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தடத்தில் நடந்த ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: "இந்த சீசன் முடிஞ்சா நான் கோயம்புத்தூர் போயிடறேனுங்க. சண்டை வேண்டாம். என்னால முடியல." சரி என்றேன். சாம்பார் கேட்டேன், ஊற்றினாள். அவ்வளவு அமைதியாகத்தான் நடந்தது.

பந்தயத்தன்று காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு முன் ஜெபக்குமார் டயர் வாங்கப் போயிருந்தான். அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் காருக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயின் இணைப்பைத் தளர்த்திவிட்டேன். சில சுற்றுகளுக்குத் தாங்கும், பிறகு தாங்காது. அவள் தடத்தோர மணலில் சறுக்கிப் போய் நிற்பாள், கொஞ்சம் பயப்படுவாள், பக்கத்தில் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவளுக்குப் புரியும். இவ்வளவுதான் என் எண்ணம். பெல்ட்டை இப்போதெல்லாம் ஜெபக்குமார்தான் மாட்டிவிடுவான். அன்றும் அவனே வந்து மாட்டினான். நான் ஜன்னல் வலையைக் கட்டினேன். "தேங்க்ஸுங்க" என்றாள்.

நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கார் திரும்பவில்லை. அடுக்கிவைத்த டயர் சுவரை உடைத்துக்கொண்டு பின்னாலிருந்த கான்கிரீட்டில் முட்டி, ஒருமுறை புரண்டு, சக்கரங்களின் மேலேயே நின்றது. கூண்டு நசுங்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த குழாய்கள் அவளைக் காப்பாற்றின, மேடம். அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், முதலில் போய்ச் சேர்ந்தது நான். என் கையில் தீயணைக்கும் சிலிண்டர் இருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. முன்பக்கத்திலிருந்து நெருப்பு அவள் கால்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் பொத்தானைத் தட்டினாள். மறுபடி மறுபடி தட்டினாள். அது வேலை செய்யவில்லை. கதவு நெளிந்து திறக்க வரவில்லை, பெல்ட்டின் பூட்டும் இறுகிப்போயிருந்தது. வலை வழியாக விரல்களை நீட்டி, "ராகவ்" என்று கூப்பிட்டாள். "ராகவ், காலு எரியுது."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபக்குமார் ஓடிவந்தான். "சார், இன்னா சார் நின்னுகினு கீற, சிலிண்டர் பின்னப் புடுங்கு சார்" என்றான். வருடத்துக்கு எத்தனையோ பேருக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன், எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். அவன் சிலிண்டரைப் பறிக்கப் பார்த்தான். அதைப் புதருக்குள் எறிந்துவிட்டு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பெட்ரோல் டேங்க் எந்த நேரமும் வெடிக்கலாம், அவனுக்குக் குழந்தை இருக்கிறது. "வுடுய்யா, எரியிறாங்கய்யா, வுடுய்யா" என்று திமிறினான். நீங்கள் படம் எடுத்தீர்களே, என் முழங்கைக்குக் கீழே இருக்கிற காயம், அது அவனுடைய பற்கள். சதையோடு கடித்தான். கடைசியில் கை நழுவிவிட்டது. அவன் வெறுங்கையால் அந்த வலையைப் பிய்த்தான். வலை உருகி அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் சுஷ்மிதாவின் சத்தம் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து நெருப்பை அணைத்தார்கள். பெல்ட்டை அறுத்து இழுத்தபோது, இடுப்புக்குக் கீழே அவள் உடம்பு சீட்டை விட்டு வரவில்லை.

மணலில் சறுக்கத்தான் நினைத்தேன் என்றால், காருக்குள்ளிருந்த தீயணைப்புச் சாதனத்தின் பூட்டு ஊசியை எதற்காக மறுபடி செருகினாய் என்று கேட்கிறீர்கள். ஓடுவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஜெபக்குமார் கழற்றித்தான் வைத்திருந்தான். அவள் தேங்க்ஸ் சொன்னாளே, வலையைக் கட்டும்போது, அப்போதுதான் உள்ளே கைவிட்டுச் செருகினேன். ஊசி இருந்தால் பொத்தான் அமுங்காது. நியாயமான கேள்வி. இரண்டு நாளாக அதற்குப் பதில் தேடினேன். மணலில் சறுக்க மட்டும் நினைத்தவன் அதைச் செய்யமாட்டான். ஆக, நான் அவளைக் கொல்லத்தான் நினைத்திருக்கிறேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அவளுடைய அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். உங்கள் கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்க, "மாப்பிள்ளை, எம்புள்ள கடைசியா ஏதாச்சும் சொன்னாளுங்களா" என்று கேட்டார். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் மனசு லேசாயிற்று. தனியாகப் போய்விடுவேன் என்றவள்தான், மேடம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு என்னைத்தான் வேண்டியிருந்தது.