நீ ஏறினால் வரும் சத்தம்

மட்டாஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் பழைய பைக்கை உறுமவிட்டபடி ஒருவர் பின்னால் இருந்த மனைவியிடம் சொன்னார்: "நீ ஏறினாத்தான் இந்தச் சத்தம் வருது."

"நிக்கிறப்பவும் டக்டக்னு அடிக்குதே. நான் என்ன இஞ்சினுக்குள்ளயா உக்காந்திருக்கேன்?"

"இஞ்சின்ல டாப்பெட் லூசு, அவ்வளவுதான். திருப்பூணித்துறை வரைக்கும் தாங்கும்."

"டாப்பெட் இப்படியா சுத்தியலால அடிக்கும்? தங்கச்சி கழுத்துல தாலி ஏறறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."

"இறங்கு. தனியா ஒரு சுத்து போறேன், நீயே கேளு."

மனைவி இறங்கினார். டக்டக் சத்தம் தெருமுனை திரும்பியதும் சட்டென்று நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நான், பைக் கேட்டு அடம்பிடிக்கும் மகனைப் பெற்றவள், தெருமுனையை எட்டிப் பார்த்தேன். சற்றுப் பொறுத்து கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான். நான் இறங்கினதும் சத்தம் நின்னுடுச்சு. மெதுவா தள்ளிட்டு வாங்க" என்று பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்து, வந்து நின்ற பஸ்ஸில் அந்த அம்மா ஏறிவிட்டார்.