தேனம்மை டீச்சர் ஊறவைத்த முட்டை

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் காசிவிஸ்வநாதன் ஐயாவுக்கும், தேனம்மை டீச்சரின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் கீழச்சிவல்பட்டி மக்களுக்கும், முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் ஆட்டோ மலையாண்டியின் வணக்கம். இதை நானே எழுதினேன், நானே படிக்கிறேன். எழுபத்தொரு வயதில் எழுத்து வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மூன்று நாளாக எழுதி விரல் ஓய்ந்துவிட்டது. மனசும்தான்.

நான்கு வருஷம், செவ்வாயும் வெள்ளியும், தேனம்மை டீச்சரைக் காரைக்குடிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவர் படுத்தபடியே சொல்வார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவேன். அப்படித்தான் எழுத்துப் படித்தேன்.

அந்த டீச்சரை நாம் எப்படி நடத்தினோம்? ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொன்னோம். நானும் அவர் இறங்கியதும் சீட்டை டெட்டால் போட்டுத் துடைத்தேன். ஒருநாள் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அப்படியே மேல ஒட்டடையையும் தொடச்சிருங்க" என்றார்.

அந்த வாரம் வினிகரில் ஊறவைத்த முட்டையோடு வகுப்புக்குப் போனார். முட்டை இருந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஓடு கரைந்து, மெல்லிய சவ்வு மட்டும் முட்டையைப் பிடித்திருந்தது. தண்ணீரில் போட்டார். மறுநாள் முட்டை பெருத்திருந்தது.

"தண்ணி உள்ள போயிருச்சு. மஞ்சக்கரு வெளிய வந்துச்சா?"

"வரலை டீச்சர்."

"சவ்வுல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு. சின்னது போகும், பெருசு போகாது. கிட்னியிலயும் அப்படி ஒண்ணு ரத்தத்த நிப்பாட்டிக்கிட்டு அழுக்க மட்டும் வெளிய விடும். எனக்கு அந்த வேலைய மெஷின்ல இருக்கிற சவ்வு செய்யுது."

"உங்களுது கிழிஞ்சு போச்சா டீச்சர்?" என்று ரேணுகா கேட்டது.

"கிழியலடி. அசந்து போச்சு."

ரேணுகா எழுந்து போய் டீச்சரை ஒட்டி உட்கார்ந்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

ரேணுகாவின் அப்பா சேவுகப்பெருமாள் வாசலோரம் நிற்கிறார். அவருக்கும் டயாலிசிஸ் வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. "மெஷினுக்குப் போன டீச்சரே போய்ச் சேந்துட்டாக, நான் எதுக்குண்ணே?" என்று நேற்று என்னிடம் கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பதிலை எழுதிப் பார்த்தேன்.

தம்பி, மெஷின் டீச்சரைக் கைவிடவில்லை, நின்றது அவர் இதயம். மெஷின் அவருக்கு நான்கு வருஷம் கொடுத்தது. அந்த நான்கு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்? நான் படிக்கவில்லையா?

சவ்வுப் பாடம் நடத்த எனக்குத் தெரியாது, அதை உங்கள் மகளிடம் கேளுங்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு உங்கள் வாசலில் நிற்பேன். வராவிட்டால் வெள்ளிக்கிழமையும் நிற்பேன். அந்த இரண்டு நாளும் இப்போது என் வண்டி காலிதான்.